பன்னிரண்டு லட்சத்துக்கு ஒரு கோடி ரூபாய் கார்: பில் எங்கே ஒளிந்திருக்கிறது?

குவைத்தில் 16 வருடம் டிரைவராக இருந்துவிட்டு ஊரோடு வந்த என் மைத்துனருக்கு நெடுநாள் ஆசை ஒன்று இருந்தது. அங்கே அரபி வீட்டில் அவர் ஓட்டியது ஆறு சிலிண்டர் ஜெர்மன் செடான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டும் அந்தச் சுகத்தை அவர் மறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் களியக்காவிளைக்கு அப்பால் ஒரு புரோக்கர் அதேமாதிரி ஒரு காரைக் காட்டினார். வயது பத்து. முதலில் வாங்கியவர் கொடுத்தது 60 லட்சத்துக்கு மேல். இவரிடம் கேட்டது பதினொன்றரை லட்சம். பெயிண்டில் ஒரு கீறல் இல்லை, தோல் சீட்டில் சுருக்கம் இல்லை. அன்று சாயங்காலமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

அடுத்த எட்டு மாதத்தில் அந்தக் கார் இன்னும் நாலேமுக்கால் லட்சம் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பில்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். வாட்டர் பம்ப், முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்கள், கியர்பாக்ஸ் ஆயில், பேட்டரி, இரண்டு இன்ஜெக்டர், நான்கு டயர். யாரும் ஏமாற்றியதாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றும் அந்த வயதில், அந்த ஓட்டத்தில் மாற்ற வேண்டிய சாமான்தான். நாகர்கோவில் மெக்கானிக் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “வண்டி விலை உங்க கையில இருந்துச்சு அண்ணே, சாமான் விலை கம்பெனிக்காரன் கையிலல்லா இருக்கு.”

பழைய சொகுசுக் கார்களைப் பற்றி நான் சொல்ல வருவது முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. காரின் விலை வருடா வருடம் இறங்குகிறது, ஆனால் அதன் உதிரிபாக விலை இறங்குவதே இல்லை. கோடி ரூபாய் கார் பன்னிரண்டு லட்சத்துக்கு வந்த பிறகும் அதன் ஹெட்லைட் கோடி ரூபாய் காரின் ஹெட்லைட்தான். இன்னொன்றும் உண்டு. இந்தக் கார்களில் பெரிய செலவுகள் பெரும்பாலும் 80,000 கி.மீ.க்கும் 1,20,000 கி.மீ.க்கும் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் சொந்தக்காரருக்கு அது தெரியும், சர்வீஸ் சென்டர் கையில் எஸ்டிமேட்டைக் கொடுத்திருக்கும். அவர் விற்பது அப்போதுதான். சந்தையில் நமக்குக் கிடைக்கும் அந்த “சல்லிசு விலை”க்குள், அவர் கட்டாமல் விட்ட பில்லின் ஒரு பகுதி கழிக்கப்பட்டிருக்கிறது.

குமரி மாவட்டத்துக்கு இந்தக் கார்கள் பெரும்பாலும் திருவனந்தபுரம், கொச்சி, பெங்களூர், சென்னை பக்கமிருந்து வருகின்றன. டெல்லியிலிருந்தும் வருகின்றன, அதற்குத் தனிக் காரணம் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தலைநகர்ப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெட்ரோலுக்கு 15 வருடம். எட்டு ஒன்பது வயதான பெரிய டீசல் செடான்கள் அங்கிருந்து தடையில்லாச் சான்றோடு தெற்கே இறங்கத் தொடங்கியது இப்படித்தான். அவற்றில் நல்ல வண்டிகளும் உண்டு. டெல்லிக் கார் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை.

இன்ஜினைத் திறந்தால் என்ன இருக்கிறது

வேகத்துக்காகவே செய்த கார்களின் பிரச்சினை எப்படிப்பட்டது என்று புரிய, 2005 முதல் 2010 வரை வந்த பி.எம்.டபிள்யூ எம்5-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஐந்து லிட்டர், பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று (ஆர்.பி.எம்.) வரை சுற்றும் இன்ஜின். எஸ்85 என்பது அதன் பெயர். பந்தயக் கார் இன்ஜினை நாலு கதவு வைத்த குடும்பக் காருக்குள் வைத்ததுபோல இருக்கும். அந்த இன்ஜினின் பலவீனம் கனெக்டிங் ராட் பேரிங்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டனை அதோடு இணைக்கும் கம்பி கனெக்டிங் ராட். இரண்டும் ஒன்றையொன்று தொட்டு உரசாமல் நடுவில் ஒரு மெல்லிய பேரிங் ஓடு இருக்கும். அந்த ஓட்டுக்கும் கிராங்குக்கும் இடையில் முடியளவு இடைவெளி. அந்த இடைவெளியில் ஆயில் ஒரு படலமாக நின்று சுமையைத் தாங்கும். எஸ்85-இல் இந்த இடைவெளி மிகவும் குறுகல். அதற்குச் சொன்ன ஆயிலோ 10டபிள்யூ-60, மிகக் கெட்டியானது. குளிர்ந்த இன்ஜினில் அந்தக் கெட்டி ஆயில் குறுகிய இடைவெளிக்குள் சரியாகப் பாய நேரமாகும். அதற்குள் ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஐந்நூறு காலைகளில் ஆகும். மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரியத் தொடங்கும், கடைசியில் பேரிங் சுழன்று ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு பேச்சு புது இன்ஜினைப் பற்றித்தான்.

கம்பெனிக்கும் இந்த ஆபத்து தெரிந்தே இருந்தது. அந்தக் காரின் ஆர்.பி.எம். மீட்டரைப் பார்த்தால் தெரியும்: இதற்கு மேல் சுற்றவிடாதே என்று சொல்லும் சிவப்புக்கோடு ஆயில் சூடாகும் வரை கீழே இருக்கும், சூடாகச் சூடாக விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து கோடு மேலே நகரும். அந்த விளக்குகளை மதித்து ஓட்டியவரின் காரா, மதிக்காதவரின் காரா என்பதுதான் வாங்குபவர் தலையெழுத்து. விளம்பரப் படத்தில் அது தெரியாது. பழைய ஆயிலைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் ஈயமும் செம்பும் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்த்தாலும் மினுமினுப்பு தெரியும். குளச்சல் விசைப்படகு மெக்கானிக்குகள் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் பார்ப்பதும் இதே சோதனைதான். நம் ஊரில் அந்த அறிவு எப்போதும் இருந்திருக்கிறது. கார் வாங்கப் போகும்போது மட்டும் நாம் பெயிண்டைப் பார்க்கிறோம்.

இந்த பேரிங்குகளை உடையுமுன் மாற்றிவிடலாம். இன்ஜினைத் தூக்கிப் பிடித்து, கீழேயுள்ள சப்ஃபிரேமை இறக்கி, ஆயில் தேங்கும் தொட்டியைக் கழற்றிச் செய்யும் வேலை. அமெரிக்காவில் தனியார் ஒர்க்‌ஷாப்களில் சுமார் 2,500 முதல் 4,000 டாலர் வரை வாங்குவார்கள். அதே காரில் இன்ஜினுக்குக் காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஆக்சுவேட்டர்கள் இரண்டு, வால்வ் டைமிங்கை மாற்றும் உயரழுத்த ஆயில் பம்ப், கிளட்ச் மிதி இல்லாத எஸ்.எம்.ஜி. கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் பம்ப் ஆகியவையும் கெட்டுப்போவதில் பெயர் பெற்றவை. ஒவ்வொன்றும் லட்சத்தைத் தொடும் வேலை.

மெர்சிடிஸ் பக்கம் ஈ63 ஏ.எம்.ஜி. 2006 முதல் 2011 வரை அதில் இருந்தது எம்156 என்ற 6.2 லிட்டர் வி8, அதாவது ‘வி’ வடிவில் எட்டு சிலிண்டர் உள்ள இன்ஜின். அதன் கோளாறு வேறு. சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அரிப்பால் தலையோடு முறியும். முறிந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். வால்வுகளைத் திறக்கும் லிஃப்டரும் கேம் ஷாஃப்டும் தேய்ந்து “டிக் டிக்” என்று சத்தம் கொடுப்பது இன்னொன்று. பின்னால் வந்த இன்ஜின்களில் போல்ட்டை மாற்றிவிட்டார்கள். ஆகவே இந்தக் காரை வாங்குபவர் வருடத்தைவிட இன்ஜின் நம்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகைக் கோளாறு வெப்பத்தால் வருவது. 2008-இல் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்த என்63 என்ற 4.4 லிட்டர் வி8-இல் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் இரண்டு டர்போவும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவில், அந்த ‘வி’ பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இடம் மிச்சம், காற்று போகும் தூரமும் குறைவு. பவர் உடனே கிடைக்கும். ஆனால் அடுப்பை நெஞ்சுக்கூட்டுக்குள் வைத்ததுபோல ஆகிவிட்டது. வால்வ் தண்டின் ரப்பர் சீல்கள் இறுகி ஆயில் கசிந்து எரியும், ஹோஸ்கள் மொறுமொறுவென்று ஒடியும். 2014 டிசம்பரில் அமெரிக்காவில் அந்த நிறுவனமே இந்த இன்ஜின்களுக்காக ஒரு தனித் திட்டம் அறிவித்து, வால்வுகளைக் கிராங்கோடு ஒத்து ஓடவைக்கும் டைமிங் செயின், இன்ஜெக்டர் முதலியவற்றைப் பரிசோதித்துக் கொடுத்தது. ஆயில் மாற்றும் இடைவெளியையும் 15,000 மைலிலிருந்து 10,000 மைலாகக் குறைத்தது. மூடு இல்லாமல் வெயிலில் நிறுத்தி, செட்டிக்குளம் சந்திப்பு டிராஃபிக்கில் ஏ.சி.யோடு ஊர்ந்து போகும் காருக்கு அந்த 10,000 மைலே அதிகம். 7,000 அல்லது 8,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நம் மாவட்டத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் இவற்றின் தம்பிகள், அதாவது இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் டீசல் செடான்கள். அவற்றுக்கும் ஒரு முடிச்சு உண்டு. பி.எம்.டபிள்யூவின் என்47 என்ற இரண்டு லிட்டர் டீசலில் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. ஆடியின் 4.2 லிட்டர் வி8 பெட்ரோலிலும் அப்படித்தான். செயின் கிட் அவ்வளவு விலையில்லை. அதை எட்டுவதற்கு கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில், 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம்.முக்குள், சங்கிலியைத் தகரத்தில் இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தால் அதை டீசல் சத்தம் என்று விட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் ஊற்றினால் தண்ணீர்தானே

கூலிங் அமைப்பில்தான் நம் ஊர்ப் பழக்கம் அதிகக் கெடுதல் செய்கிறது. இந்தக் கார்களில் கூலன்ட் போகும் இணைப்புகள் பலவும் பிளாஸ்டிக். பத்து வருட வெப்பத்தில் அது பிஸ்கட்போல ஆகிவிடும். கையால் அசைத்தாலே ஒடியும். பி.எம்.டபிள்யூவின் பல ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்களில் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்மோட்டாரில் ஓடுகிறது. அது போகும்போது முன்னறிவிப்பு கொடுக்காது. ஒரு லட்சம் கி.மீ. பக்கத்தில் ஒரு நாள் திடீரென்று வெப்ப எச்சரிக்கை வரும், கார் ரோட்டோரம் நிற்கும். அங்கேதான் தவறு நடக்கிறது. பக்கத்து வீட்டில் வாளி வாங்கிக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓட்டிக்கொண்டு வருவார்கள். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் அந்தத் தண்ணீர் உப்பு கலந்தது. அலுமினிய இன்ஜினுக்குள் உப்புநீர் போனால் என்ன ஆகும் என்று மீன்பிடித் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சூடேறிய வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் ரெக்கவரி வண்டிக்குப் போன் செய்வதே மிச்சம். பின்னால் ஊற்றுவது அந்தக் காருக்கு உரிய கூலன்டும் டிஸ்டில்டு வாட்டருமாக இருக்கட்டும்.

கியர்பாக்ஸைப் பற்றி ஒரே விஷயம். பி.எம்.டபிள்யூ, ஆடி, ஜாகுவார் பலவற்றில் இருப்பது இசட்.எஃப். கம்பெனியின் ஆட்டோமேட்டிக் பெட்டி. கார் கம்பெனிகள் அதன் ஆயிலை “வாழ்நாளுக்கும் மாற்ற வேண்டாம்” என்று சொல்லி வந்தன. பெட்டியைச் செய்த இசட்.எஃப்.போ 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேளுங்கள். பழைய காரின் சர்வீஸ் புத்தகத்தில் இந்த ஆயில் மாற்றிய பதிவு இருந்தால் அந்தச் சொந்தக்காரர் விவரமானவர் என்று நம்பலாம்.

உப்பு, மழை, இலை

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவது ஒரு மழை உண்டு. காரை நிறுத்துவது பலா மரத்தடியிலோ மாமரத்தடியிலோ. கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலும் சன்ரூஃபின் மூலைகளிலும் தண்ணீர் வடிந்து போகச் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கின்றன. இலைச் சருகும் பூவும் அதில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள் இறங்கும். சாதாரணக் காரில் மேட் நனையும், வெயிலில் காயவைத்தால் போதும். இந்தக் கார்களில் கம்பளத்துக்கு அடியிலும் டிக்கியின் பக்கவாட்டிலும் எலக்ட்ரானிக் பெட்டிகள் இருக்கின்றன. மெர்சிடிஸ் ஈ கிளாஸின் ஒரு தலைமுறையில் பேட்டரியும் பின்பக்க மின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் டிக்கியில்தான். ஒன்று நனைந்தால் கண்ணாடி இறங்காது, சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டும், பேட்டரி இரவோடிரவாக இறங்கும். பத்து ரூபாய் நைலான் கம்பியால் குழாயைக் குத்திவிடும் ஐந்து நிமிட வேலையை விட்டால் ஒன்றரை லட்சத்தில் போய் நிற்கும். மாதம் ஒருமுறை, ஜூனுக்கு முன் கட்டாயம், அந்த வேலையைச் செய்யுங்கள்.

எலியையும் சொல்லியாக வேண்டும். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் ஒரு வாரம் நிறுத்தினால் போதும், வயரிங்கைக் கடித்துவிடும். முழு வயரிங் செட்டையும் ஷோரூமில் மாற்றச் சொல்வார்கள். பொறுமையுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடித்த இடத்தை மட்டும் இணைத்துத் தருவார். அப்படி ஒருவர் தெரிந்திருந்தால் அவர் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் கார்களில் பாடி துருப்பிடிப்பது குறைவுதான், அந்தப் பூச்சு நல்ல பூச்சு. துரு பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: எர்த் வயர் போல்ட்டில், கனெக்டர் பின்னில், பிரேக் டிஸ்கின் விளிம்பில், அடியிலுள்ள ஆர்ம் போல்ட்டுகளில். ஸ்கேனரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்து எரர் ஒரே நேரத்தில் வந்தால் பத்து சாமானையும் மாற்றுமுன் எர்த் போல்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கை இந்த ஈரக்காற்றில் மீறவே கூடாது.

வெள்ளத்தில் நின்ற கார் என்பது தனிப் பயம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்திலும் மூழ்கிய கார்கள் பல இன்சூரன்ஸ் ஏலத்தில் போய், துடைத்து மெருகேற்றிச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடி முனையில் சேற்றுக்கோடு இருக்கும். சீட் தண்டவாளத்துக்கு அடியில் கை விட்டுத் தடவுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் பின்களில் பச்சைப் பூச்சு இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி.

ரோட்டைப் பற்றி நாகர்கோவில்–மார்த்தாண்டம் போய்வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்குவழிப் பணி வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு போக, பழைய ரோடு பள்ளமும் ஒட்டுமாகக் கிடக்கிறது. 19 இன்ச் வீலில் மெல்லிய டயர் போட்ட கார் அதில் ஓடினால் முதலில் டயரின் பக்கச்சுவர் புடைக்கும், பிறகு அலாய் வளையும், அதற்கடுத்து கன்ட்ரோல் ஆர்ம் புஷ் கிழியும். முன்னே சொன்ன எம்5-இல் முன்னால் 255, பின்னால் 285 அகலம். நான்கையும் இடம் மாற்றிப் போட வழியில்லாததால் பின்டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்களில் ஸ்ட்ரட்டின் காற்றுப் பை ரப்பர். வெடிப்பு விழுந்தால் மெதுவாகக் காற்று இறங்கும், இரவில் நிறுத்திய கார் விடியும்போது ஒரு மூலை சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரஸர் ஓடித் தூக்கிவிடும் என்பதால் பலரும் தள்ளிப் போடுகிறார்கள். நாள்தோறும் மூச்சு முட்ட ஓடும் அந்தக் கம்ப்ரஸர் சில மாதத்தில் எரியும். ஒரு சாமான் செலவு அப்போது இரண்டாகும்.

அங்கே கூலி, இங்கே சாமான்

வெளிநாட்டில் இந்தக் கார்களின் ரிப்பேர் செலவு என்று எழுதப்படுவதை அப்படியே ரூபாயாக மாற்றிக் கணக்குப் போடக்கூடாது. அங்கே மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி மிக அதிகம், சாமான் எளிதாகக் கிடைக்கும். இங்கே கூலி குறைவு. சாமான் இறக்குமதி, வரி, கப்பல் என்று ஏறி வரும். ஆகவே இன்ஜினை இறக்கிச் செய்யும் செயின் வேலை, வால்வ் சீல் வேலை போன்றவை அங்கே சொல்வதைவிட இங்கே கையடக்கமாக முடியலாம். முழுசாக மாற்ற வேண்டிய ஏர் ஸ்ட்ரட், ஹெட்லைட், கன்ட்ரோல் யூனிட் இங்கே அதிகமாக வலிக்கும்.

தோராயமாகச் சில தொகைகள் சொல்கிறேன். மாடலையும் வாங்கும் இடத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். ஏ.ஜி.எம். பேட்டரி 25,000 முதல் 40,000. நல்ல கம்பெனி 19 இன்ச் டயர் ஒன்றுக்கு 20,000 முதல் 35,000. மின்சார வாட்டர் பம்ப் தெர்மோஸ்டாட்டோடு அரை லட்சத்தைத் தாண்டும். கியர்பாக்ஸ் ஆயில், ஃபில்டரோடு சேர்ந்த பிளாஸ்டிக் பேன் உட்பட, 40,000 முதல் 70,000. கம்பெனி ஏர் ஸ்ட்ரட் ஒன்றுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி. எல்.இ.டி. ஹெட்லைட் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் முதல். டர்போ, ஒன்றரை முதல் இரண்டரை லட்சம். இவற்றில் மூன்று ஒரே வருடத்தில் வருவது சாதாரணம்.

குறைக்க நேர்மையான வழி உண்டு. கார் கம்பெனி எல்லா சாமானையும் தானே செய்வதில்லை. ஆர்ம்களை லெம்ஃபர்டரும், ஷாக் அப்சார்பரைச் சாக்ஸும் பில்ஸ்டைனும், சென்சரைப் பாஷும் கான்டினென்டலும் செய்து கொடுக்கின்றன. அதே சாமான் கார் கம்பெனி லோகோ இல்லாமல் அந்தந்தத் தயாரிப்பாளர் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சிலவற்றில் லோகோ இருந்த இடத்தைச் சுரண்டியிருப்பதே தெரியும். ஷோரூம் எஸ்டிமேட்டிலுள்ள பார்ட் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு தேடுங்கள். கழற்றின சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் டெல்லி மாயாபுரியும் இருக்கின்றன. கதவு, வீல், ஆர்ம் போன்றவற்றுக்கு அது சரி. எலக்ட்ரானிக் யூனிட் வாங்குமுன் யோசியுங்கள். பலவும் பழைய காரின் சேசிஸ் நம்பரோடு பூட்டப்பட்டிருக்கும், கம்ப்யூட்டரில் உங்கள் காருக்கு ஏற்பக் கோடிங் செய்யாமல் வேலை செய்யாது. பேட்டரி மாற்றினால்கூட பி.எம்.டபிள்யூவில் அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்யும்.

தூரமும் ஒரு செலவு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 65 கி.மீ.க்கு மேல், மதுரை 240 கி.மீ.யை ஒட்டி. கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்த இரண்டு திசைதான். ஓடாத காரை ஏற்றிப் போக ஃபிளாட்பெட் ரெக்கவரி வண்டி வேண்டும். ஆல்வீல் டிரைவ் காரை முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுத்தால், முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போகும். இந்தச் செலவைப் பாலிசியின் ரோட்சைட் உதவிக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வது நல்லது.

பாலிசி என்றதும் பலர் கவனிக்காத ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். காரின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., பன்னிரண்டு லட்சம் என்று வைப்போம். விபத்துச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு நட்டமாக அறிவித்துவிடலாம். இரண்டு ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர், இரண்டு ஏர்பேக், பானட் என்று சேர்த்தால் ஒன்பது லட்சம் தூரத்தில் இல்லை. பார்க்கச் சின்ன இடிதான், கார் போய்விடும். ஜீரோ டெப், அதாவது சாமான் விலையில் தேய்மானம் கழிக்காத பாலிசி, பழைய காருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அது இல்லாதபோது பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றிலும் 50 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகும். 10 வயது தாண்டினால் இரும்புச் சாமான்களிலும் பாதி உங்களுடையது. தண்ணீரில் நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்து ராட் வளைந்தால் சாதாரணப் பாலிசி அதை ஏற்பதில்லை, இன்ஜின் புரொடெக்‌ஷன் என்ற ஆட்-ஆன் தனியாக வேண்டும். 2021 நவம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மழையிலும் நம் மாவட்டத்து ரோடுகள் எப்படிக் கிடந்தன என்று நினைத்துப் பார்த்துவிட்டு அந்த ஆட்-ஆனுக்குக் கட்டும் பணத்தைக் கணக்கிடுங்கள்.

வெளிமாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டக் கூடாது. தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி, நாகர்கோவில் டி.என். 74-க்கோ மார்த்தாண்டம் டி.என். 75-க்கோ மாற்ற வேண்டும். வரிக் கணக்கில் வண்டியின் முதல் விலையும் வயதும் வரும் என்பதால், 60 லட்சத்துக் காருக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. பேரம் பேசுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தத் தொகையைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

இவ்வளவு சொன்னதற்காக வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நன்றாகப் பராமரித்த ஆறு சிலிண்டர் செடானில் காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி நோக்கிப் போவது வேறு எந்தக் காரிலும் கிடைக்காத அனுபவம், அதை நானும் அனுபவித்திருக்கிறேன். கையில் பதினைந்து லட்சம் இருந்தால் பத்து லட்சத்துக் காரைப் பாருங்கள். ஐந்து லட்சம் பாங்கில் இருக்கட்டும். அதை முதல் இரண்டு வருடத்துக்குள் கார் கேட்கும். ஒரே விலையில் மினுங்கும் கார் ஒன்றும், கீறல் விழுந்த ஆனால் கனமான பில் ஃபைலோடு வரும் கார் ஒன்றும் இருந்தால் ஃபைலை எடுங்கள்.

மீட்டர் குறைத்திருக்கிறார்களா என்பதை டாஷ்போர்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்தக் கார்களில் ஓடிய தூரம் வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் பதிவாகியிருக்கும். பி.எம்.டபிள்யூவுக்கு ஐஸ்டா, மெர்சிடிஸுக்கு எக்ஸென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் என்று கம்பெனி சாஃப்ட்வேர் வைத்திருக்கும் ஆளைக் கூட்டிப்போய் எல்லா யூனிட்டையும் படிக்கச் சொல்லுங்கள். ஒரு எரர்கூட இல்லாமல் பத்து வயது ஜெர்மன் கார் இருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம், நேற்று அழித்திருப்பார்கள். முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். விற்பவர் பதினொரு மணிக்கு வரச் சொன்னால் சொல்லாமல் காலை ஆறரைக்குப் போய் நில்லுங்கள். முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் அன்று பார்க்க வேண்டாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்திருந்தால் நான்கு மூலையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் சைலன்ஸர் பக்கம் நின்று கேளுங்கள்.

முதல் பத்து நொடியில் வரும் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நீல நிறப் புகை வருகிறதா, வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்பதையும் வீடியோவில் எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பணத்தைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு, அந்த வீடியோவை இதே இன்ஜினைத் திறந்து வேலை செய்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.